பவுல்துரை காத்து நின்ற லைன்

டெலிபோன் லைன்மேன் பவுல்துரை கம்பத்தில் ஏறிப் பழுது பார்த்து முடித்ததும், மேலே இருந்தபடியே புகார் கொடுத்த வீட்டுக்கு ஒரு மணி அடித்துப் பார்ப்பார். எல்லா லைன்மேனும் செய்வதுதான். ஒருமுறை அப்படி அடித்தபோது, தறியில் உட்கார்ந்திருந்த அபிதகுசாம்பாள் திடுக்கிட்டுக் கையைத் தப்பாக வீசிவிட்டாள். ஊடுநூலோடு ஓடும் நாடா பாவு இழைகளுக்குள் மாட்டிக்கொண்டது. முப்பது நாற்பது இழை பட்டென்று அறுந்துபோயிற்று. அறுந்ததை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்து முடிச்சுப் போடுவதிலேயே அவளுக்கு அன்றைய பொழுது கழிந்தது. கையெழுத்து வாங்க உள்ளே வந்த பவுல்துரை அதைப் பார்த்தார்.

பிறகு ஒரு சித்திரை மாதம். ஆரணி வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. ஜன்னல் வழியாகத் தற்செயலாக வெளியே பார்த்தாள். எதிர்க் கம்பத்து உச்சியில், இடுப்பில் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு, தலையில் துண்டோடு பவுல்துரை சும்மா சாய்ந்து நின்றிருந்தார். இதென்ன, வேலையும் செய்யாமல் இறங்கவும் செய்யாமல் நிற்கிறாரே என்று நினைத்துக்கொண்டு தண்ணீர் குடிக்க எழுந்தாள். தறிச் சத்தம் நின்ற மறு நொடி போன் மணி அடித்தது.

"லைன்மேன்ம்மா. கேக்குதா? சரி, வெச்சிடுங்க."

ரிசீவரைக் கையில் பிடித்தபடியே அபிதகுசாம்பாள் நின்றாள். தறி ஓய்வதற்காகத்தான் அந்த மனிதர் வெயிலில் காத்திருக்கிறார். எத்தனை மாதமாக இப்படி நின்றிருப்பாரோ, கடவுளுக்குத்தான் தெரியும்.

பவுல்துரைக்குத் தேசூர் பக்கம் ஒரு சிறிய ஊர். மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தார். போன் கம்பம் நடுவதற்குக் குழி தோண்டும் கூலியாகத்தான் முதலில் ஆரணிக்கு வந்தார். பதினான்கு வருஷம் கடப்பாரை பிடித்த பிறகு லைன்மேன் வேலை நிரந்தரம் ஆயிற்று. மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். ஒரே மகள் ஜாக்குலினை அம்பத்தூரில் கட்டிக்கொடுத்திருந்தார். கம்பத்தைக் கையால் தொட்டுக் கண்ணை மூடி ஒரு ஜெபம் சொல்லாமல் அவர் ஏறியதே கிடையாது. "கம்பத்துக்கு ஸ்தோத்திரம் சொல்லிட்டுத்தான் ஏறுவாரு நம்ம பாஸ்டரு" என்று கூட வேலை செய்கிறவர்கள் கிண்டல் செய்வார்கள். "மேல ஏத்தறதும் அவரு, எறக்கறதும் அவரு. ஒரு வார்த்த சொல்லிக்கினா இன்னாடா குறைஞ்சி பூடும்?" என்று சிரித்துக்கொண்டே ஏறிவிடுவார்.

அபிதகுசாம்பாள் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டிப் படிப்பாள். இரண்டாம் வரிக்குப் போவதற்குள் முதல் வரி மறந்துபோகும். காலையில் தறிக்குழியில் இறங்குமுன் அம்மன் போற்றியையும் நாலு பாட்டையும் சொல்ல வேண்டும் என்று அவளுக்கு வெகுநாள் ஆசை. புத்தகம் இருந்தது, படிக்கத்தான் வரவில்லை. மூத்த மகன் தீனா, சேலை டிசைன் போடுவதற்காகப் பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி வீட்டில் வைத்திருந்தான். அம்மா புத்தகத்தோடு மல்லாடுவதைப் பார்த்துவிட்டு ஒருநாள், "நீ எதுக்கும்மா கஷ்டப்படற? நான் படிச்சி இதுக்குள்ள வெச்சிடறேன். காலைல ஒரு பட்டன் தட்டு, நான் சொல்லுவேன், நீ கூடவே சொல்லு" என்றான். ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து இருபத்தேழு பாட்டைப் படித்துப் பதிந்து வைத்தான். ஒரு பாட்டுக்கு நடுவில், "யம்மா, தறிய கொஞ்சம் நிறுத்தேன்" என்று அவன் சொல்வதும் சேர்ந்து பதிவாகியிருந்தது.

இரண்டாயிரத்து ஆறு, தை மாதம். ராணிப்பேட்டை ரோட்டில் லாரி மோதி தீனா இறந்துபோனான். இருபத்தாறு வயது.

காரியம் முடிந்த மறுநாள் காலையிலேயே அவள் பட்டனைத் தட்டினாள். மகன் பாடினான். அவள் அழுதுகொண்டே கூடச் சொன்னாள். போனவன் குரலை வீட்டில் ஓட விடக் கூடாது என்று சொந்தக்காரர்கள் சிலர் சொன்னார்கள். "அவன் சாமி பேரைத்தான சொல்றான்" என்பதோடு அவள் நிறுத்திக்கொண்டாள்.

அடுத்த வருஷம் புரட்டாசியில் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. பட்டனைத் தட்டினால் கறுப்புத் திரையில் ஒரு வரி வெள்ளை எழுத்து, அதற்குமேல் ஒன்றுமில்லை. ரிப்பேர் கடைக்காரர் வந்து பார்த்தார்.

"வைரஸ்மா. ஃபார்மட் அடிச்சாதான் எழுந்திரிக்கும். அடிச்சா உள்ள இருக்கறது எல்லாம் பூடும். இல்லன்னா பெட்டிய குடுங்க, வேலூருக்கு எடுத்துகினு போயி காட்டறேன். ஒரு வாரம் ஆவும்."

பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டில் இப்படித்தான் பெட்டியைக் கொடுத்தார்கள். கல்யாணப் போட்டோ எல்லாம் துடைத்து எடுத்ததுபோல் திரும்பி வந்தது. அபிதகுசாம்பாள் பெட்டியின்மேல் கையை வைத்துக்கொண்டாள். "இது ஊட்ட உட்டுப் போவாது."

மகள் காவ்யா ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை செய்துகொண்டிருந்தாள். அவள் சென்னையில் இருந்த தீனாவின் சிநேகிதன் கிளமெண்டுக்குப் போன் செய்தாள். அவன் விவரமாகச் சொன்னான். கம்ப்யூட்டரை ஓட்ட லினக்ஸ் என்று ஒன்று இருக்கிறது, காசு கிடையாது. வீட்டு கம்ப்யூட்டரில் சிடி போடும் இடம் கெட்டுப்போனாலும் பரவாயில்லை; மூன்று பிளாப்பி தட்டு போதும். அதை வைத்துக் கிளப்பிவிட்டால், மீதி முழுவதையும் கம்ப்யூட்டரே போன் லைன் வழியாக வெளியே இருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டு வாங்கிக்கொள்ளும். ஐந்தாறு மணி நேரம் ஆகும். லைன் அறுகக் கூடாது. "முக்கியமா ஒண்ணு, காவ்யா. டிஸ்க்ல ரெண்டு பாகம் கீது. மொத பாகத்துல மட்டும் ஏத்து. ரெண்டாவது பாகத்துலதான் தீனாவோட பாட்டு. அதத் தொட்டுட்டியோ, அப்புறம் யாராலயும் கொண்டாற முடியாது."

காவ்யா அதை நோட்டில் எழுதி, கீழே இரண்டு கோடு போட்டுக்கொண்டாள்.

ஆனால் லைன் நிற்கவில்லை. வீட்டுக்கு வரும் ஒயர் பழசு. காற்று அடித்தால், லைனைக் கம்ப்யூட்டரோடு சேர்க்கும் மோடத்தின் விளக்கு அணைந்து அணைந்து எரிந்தது. புகார் எழுதிக் கொடுத்த மறுநாள் பவுல்துரை வந்தார். காவ்யா விஷயத்தைச் சொன்னாள். அவர் ஒயரையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப புள்ள குரலு இந்த ஒயர்லதான் வரணுமா?"

"இல்ல மாமா. குரல் உள்ளதான் கீது. அறைக்குள்ள மாட்டிக்கினு கீதுன்னு வெச்சிக்கோங்க. கதவு தொறக்கற ஆளு ஒயர்ல வரணும்."

"ஆளு எத்தினி மணி நேரம் நடந்து வருவாரு?"

"ஆறு மணி நேரம். நடுவுல வழி அறுந்தா சரிப்படாது."

"என்னிக்கு வரச் சொல்லியிருக்க?"

"ஆயுத பூஜை அன்னிக்கு. எனக்கு லீவு."

பவுல்துரை தலையை ஆட்டினார். அன்று சாயங்காலமே கம்பத்திலிருந்து வீடு வரைக்கும் ஒட்டுப் போடாத புது ஒயராக ஒன்றை இழுத்துக் கட்டிவிட்டுப் போனார்.

ஆயுத பூஜை அன்று காலை எட்டு மணிக்குக் காவ்யா ஆரம்பித்தாள். பிளாப்பிகளை ஒவ்வொன்றாகப் போட்டு எடுத்தாள். திரையில் கேள்வி கேள்வியாக வந்தது. டிஸ்க்கைப் பற்றிய கேள்வி வந்தபோது நோட்டைப் பார்த்து, மூன்று தடவை படித்து, முதல் பாகத்தைக் காட்டி எண்டர் தட்டினாள். அபிதகுசாம்பாள் பக்கத்தில் நின்று அம்மன் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தாள். நீலத் திரையில் ஒரு கோடு புறப்பட்டு, எறும்பு ஊர்வதுபோல் நகர்ந்தது. பதினொரு மணிக்குப் பாதியைத் தாண்டிவிட்டது. இனி அதுவாக ஓடும் என்று அம்மாவும் மகளும் பூஜைக்குப் பூ வாங்கி வரக் கடைத்தெருவுக்குப் போனார்கள்.

அபிதகுசாம்பாளின் புருஷன் வேணுகோபாலுக்கு ஆயுத பூஜை என்றால் தனிப் பக்தி. தறியை முன்தினமே கழுவித் துடைத்துவிடுவார். நாடா, நூல் சுற்றும் தார்க்குச்சி, கத்தரி, எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பார். அன்றைக்கு வீட்டில் எந்த ஆயுதமும் ஓடக் கூடாது. வருஷம் முழுக்க உழைத்தது, ஒருநாள் ஓயட்டும் என்பார். மகன் இருந்த காலத்தில் கம்ப்யூட்டரையும் அணைத்துவிட்டுத்தான் பொட்டு வைப்பது. ஒயர் வழியாக என்னவோ வருகிறது என்று காதில் விழுந்திருந்தது. ஆனால் திரையைப் பார்த்தால் ஆள் யாரும் இல்லை, எதுவும் அசைவதாகவும் தெரியவில்லை. பிள்ளைகள் அணைக்க மறந்துவிட்டார்கள் என்று நினைத்து சுவரில் இருந்த சுவிட்சை அணைத்தார். பெட்டிக்கு மூன்று பட்டை விபூதி பூசினார். மோடத்துக்குப் பொட்டு வைத்தார். பெட்டிமேல் கிடந்த மூன்று பிளாப்பிகளையும் எடுத்தார். பளபளவென்று இருந்த தகட்டில் விரல் பட, அது நகர்ந்து உள்ளே கறுப்பு வட்டம் தெரிந்தது. அதிலும் மறக்காமல் ஒரு சொட்டு சந்தனம், அதன்மேல் குங்குமம்.

பூக்கூடையோடு உள்ளே வந்த காவ்யா கறுத்துக் கிடந்த திரையைப் பார்த்தாள். பிறகு பிளாப்பிகளைப் பார்த்தாள்.

"நைனா! பிளாப்பிக்கு எல்லாமா பொட்டு வெப்பாங்க?"

"ஏன், அதுவும் ஆயுதம்தான?"

"பாதியில நிறுத்திட்டியே நைனா! திரும்ப கிளப்பறதுக்கு இது மூணுதான் இருந்திச்சி. உள்ள சந்தனத்தப் பூசி வெச்சிருக்க!"

வேணுகோபாலுக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியபோது குங்குமக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். "அண்ணன் குரலு போயிடுச்சா?" என்று மட்டும் கேட்டார்.

"தெரியல நைனா. கிளப்பிப் பார்த்தாதான் தெரியும்."

அபிதகுசாம்பாள் புருஷனைத் திட்டவில்லை. சுவரில் சாய்ந்து நின்றுகொண்டு, "சாமிக்குத்தான வெச்சாரு, சாமிக்குத்தான வெச்சாரு" என்று இரண்டு முறை சொன்னாள். அவருக்காகச் சொன்னாளோ, தனக்காகச் சொன்னாளோ.

அந்த நேரத்தில்தான் லைன் எப்படி இருக்கிறது என்று பார்த்துப் போகப் பவுல்துரை சைக்கிளில் வந்தார். அவருக்கும் அன்று லீவுதான். வாசலிலேயே முகங்களைப் பார்த்துவிட்டார்.

"இன்னா ஆச்சி? லைன் பூட்ச்சா?"

காவ்யா பிளாப்பியை நீட்டினாள். அவர் வாங்கித் திருப்பிப் பார்த்தார். சந்தனம் வட்டம் முழுக்க இழுவிக் கிடந்தது.

"வேற இல்லியா?"

"எங்க சென்டர்ல புதுசு கீது. ஆனா நேத்தே பூஜை போட்டுப் பூட்டிட்டாங்க. நாளைக்குத்தான் தொறப்பாங்க. ஊர்ல இன்னிக்கு ஒரு கம்ப்யூட்டரும் ஓடாது மாமா. ஓடற கம்ப்யூட்டர் ஒண்ணு, அதுல நெட்டு, மூணு பிளாப்பி. இது இருந்தா நானே எடுத்துடுவேன்."

பவுல்துரை பிளாப்பியை அவளிடமே திருப்பிக் கொடுத்தார்.

"எங்க பாஸ்டர் ஐயா ஊட்ல ஓடும்" என்றார். "நான்தான் போன மாசம் அவருக்கு லைன் குடுத்தேன். கெளம்பி வாம்மா, ஜல்தி."

வேணுகோபால் தரையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். பவுல்துரை அவர் எதிரில் போய்க் குந்தினார்.

"ஐயா, கம்பத்துல ஏறும்போது நானும்தான் தொட்டுக் கும்பிடறேன். எல்லாரும் என்னப் பாத்து சிரிக்கறாங்க. நீங்க பொட்டு வெச்சீங்க. இதுல இன்னா தப்பு? எழுந்து போயி தறிக்கு பூஜையப் போடுங்க. அத எதுக்குப் பாதியில வெச்சிருக்கீங்க?"

வேணுகோபால் எழுந்தார். அந்த வருஷத்துப் பூஜை அந்த வீட்டில் அப்படித்தான் நடந்தது. கற்பூரம் எரிந்தபோது அபிதகுசாம்பாள் எதையும் வேண்டிக்கொள்ளவில்லை. வேண்டுவதற்குப் பயமாக இருந்தது.

பாஸ்டர் வீட்டில் கேள்வி எதுவும் கேட்காமல் கம்ப்யூட்டரைக் கொடுத்தார்கள். பழைய பிளாப்பி ஆறு கிடைத்தது, தேறியது மூன்றுதான். காவ்யா அவற்றில் எழுதி எடுத்துக்கொண்டு வந்து, மூன்று மணிக்கு மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தாள். டிஸ்க் கேள்வி வந்தது. இரண்டு பாகமும் திரையில் தெரிந்தன. இரண்டாவது பாகம் பெயர் அளவில் இருக்கிறது. உள்ளே பாட்டு இருக்கிறதா என்பது இப்போது தெரியாது. காவ்யா நோட்டை மறுபடி பார்த்தாள். அம்மா தோளில் கையை வைக்க, அவள் எண்டர் தட்டினாள். கோடு புறப்பட்டது. இந்தத் தடவை வேணுகோபால் ஒரு முக்காலியைப் போட்டு சுவிட்சுக்குப் பக்கத்திலேயே காவல் உட்கார்ந்துவிட்டார்.

நாலரை மணிக்கு மேகம் கட்டிக்கொண்டது. ஐந்து மணிக்கு மழை இறங்கியது. மோடத்தின் விளக்கு ஒருமுறை கண் சிமிட்டியது. பவுல்துரை வாசலுக்குப் போய் எதிர்க் கம்பத்தைப் பார்த்தார். கம்பத்தின் இடுப்பு உயரத்தில் லைன்கள் எல்லாம் வந்து சேரும் இரும்புப் பெட்டிக்கு மூடி சரியில்லை. சாரல் நேராக உள்ளே அடித்துக்கொண்டிருந்தது.

"ஒரு கோணி இருந்தா குடுங்கம்மா. பிளாஸ்டிக்கு கோணி."

களம்பூர் அரிசி வந்த வெள்ளைக் கோணி ஒன்றை அவள் எடுத்துக் கொடுத்தாள். அவர் வெளியே போய்க் கோணியைப் பெட்டிமேல் போர்த்தினார். காற்று பிடுங்கியது. கயிறு போட்டுக் கட்டினாலும் நிற்கவில்லை. கடைசியில் கோணியின் இரண்டு முனையையும் கையால் பிடித்துக்கொண்டு கம்பத்தோடு கம்பமாக நின்றுவிட்டார்.

"அண்ணா, உள்ள வாங்கண்ணா! நோவு வந்துடப் போவுது!" அபிதகுசாம்பாள் வாசலில் நின்று கத்தினாள்.

"வெளக்கு இன்னா ஆச்சி, அதப் பாருங்க!"

அவள் உள்ளே ஓடிப் பார்த்தாள். "நின்னு எரியுது!"

"அப்ப சரி!"

மழை விட்டுவிட்டுப் பெய்தது. இரண்டு முறை காபி கொண்டுபோனாள். கையை எடுக்க முடியாததால் டம்ளரை அவளே அவர் வாயில் வைத்துக் குடிக்கக் கொடுத்தாள். தெருவில் போன ஒருவர், "இன்னா லைன்மேனே, கம்பத்துக்குக் கொடை புடிக்கிற?" என்று கேட்டுவிட்டுப் போனார். பவுல்துரை சிரித்தார். பல் கிட்டித்தது. உதடு மட்டும் அசைந்துகொண்டே இருந்தது. ஜெபம் சொல்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. உள்ளே போய் அவளும் தனக்குத் தெரிந்த போற்றியைச் சொன்னாள். மகன் குரல் இல்லாமல் சொல்வது அதுதான் முதல் தடவை. நடுவில் எங்கேயும் நிற்காமல் வந்தது. அப்போது அதை அவள் கவனிக்கவில்லை.

எட்டு மணி ஆகப்போகும்போது கம்ப்யூட்டர் தானாக அணைந்து எழுந்தது. கிளமெண்ட் போனில் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல, காவ்யா தட்டினாள். இரண்டாவது பாகம் திறந்தது. வரிசையாகப் பெயர்கள். காவ்யா விரல் வைத்து எண்ணினாள். இருபத்தேழு. சத்தம் வரவில்லை. கிளமெண்ட் இன்னும் இரண்டு வரி சொன்னான். தட்டினாள்.

தீனா கனைத்துக்கொண்டான். பிறகு போற்றி சொல்ல ஆரம்பித்தான்.

வேணுகோபால் முக்காலியில் உட்கார்ந்தபடி முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். அபிதகுசாம்பாள் வாசலுக்கு ஓடினாள். பவுல்துரை ஏற்கெனவே கோணியை விட்டுவிட்டு வாசற்படிக்கு வந்திருந்தார். சொட்டச் சொட்ட நனைந்திருந்தார். செருப்பைக் கழற்றியிருந்தார். உள்ளே வாருங்கள் என்று அவள் கை காட்டினாள். அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு, போற்றி முடியும்வரை படிக்குக் கீழே கைகட்டி நின்றார். முடிந்ததும், "எல்லாம் கீதா?" என்றார்.

"எல்லாம் கீதுண்ணா."

"ஒரே எடத்துல வெச்சிக்காதீங்க. இன்னொண்ணுலயும் எடுத்து வெச்சிடுங்க" என்று சொல்லி, சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். மூன்று நாள் காய்ச்சலில் படுத்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. காவ்யா பாட்டுகளை இரண்டு சிடியில் எழுதினாள். ஒன்றை அம்மன் படத்துக்குப் பின்னால் வைத்தார்கள்.

இரண்டு வருஷம் கழித்துப் பவுல்துரை ஓய்வு பெற்றார். சர்க்கரை வியாதி முன்பே இருந்தது. காலில் ஒரு முள் குத்திய புண் ஆறாமல் போய், வேலூர் ஆஸ்பத்திரியில் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். கம்பம் கம்பமாக ஏறிய கால். மகள் ஜாக்குலின் வந்து அம்பத்தூருக்கு அழைத்துப் போவதாக முடிவாயிற்று. அங்கே போய் நான்கு மாதத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் புறப்படும்போது அவர் உயிர் பிரிந்தது. ஜாக்குலின்தான் போன் செய்தாள். தறியை நிறுத்திவிட்டு எழுந்துபோய் எடுத்தவள் அபிதகுசாம்பாள்.

ஆனால் அவள் அவரைக் கடைசியாகப் பார்த்தது, அவர் ஊரைவிட்டுப் புறப்பட்ட அன்று காலை. வாடகைக் கார் அவர் வீட்டு வாசலில் நின்றது. முன் சீட்டில் அவரைத் தூக்கி உட்காரவைத்திருந்தார்கள். அவள் ஒரு டப்பாவில் கேழ்வரகு அடை கொண்டுபோயிருந்தாள். அதை மடியில் வைத்துக்கொண்டு அவர் கேட்டார்:

"புள்ள தினம் பாடறாராம்மா?"

அவள் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டாள். யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்ததை அவரிடம் சொன்னாள்.

"ஒரு மாசமாப் போடலண்ணா. உக்காந்தா எனக்கே வந்துடுது. இருபத்தேழும் வந்துடுது. அவன வேணாம்னு ஒதுக்கிட்ட மாதிரி மனசு கெடந்து அடிச்சிக்குது. நீங்க வேற மழையில அப்பிடி நின்னு…"

பவுல்துரை கார்க் கண்ணாடிக்கு வெளியே கையை நீட்டினார். அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்களுக்கு வரணும்னுதானம்மா அவரு படிச்சி வெச்சாரு. வந்துடுச்சில்ல? நீங்க சொல்லுங்க, அவரு கேட்டுகினு இருக்கட்டும். நான் வரட்டுமா?"